அன்று காலை கொடுத்த மாத்திரை

கொழும்பு ஆஸ்பத்திரிக்காரர்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை. என்னையும் மன்னிக்கவில்லை. என் தங்கச்சியை மன்னிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யவில்லை. இந்த இரண்டு வருடத்தில் என் கோப வரிசையில் யார் முன்னால், யார் பின்னால் என்பது பல தடவை மாறிவிட்டது. ஒரு ஒழுங்கில் எழுதி வைத்தால் எனக்காவது விளங்கும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் பலாங்கொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைக் காம்பரா பார்க்கிறவள். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் காலையில் விட்டுவிட்டுப் போகிற பிள்ளைகளை அவர்கள் திரும்பி வரும்வரை பார்த்துக்கொள்வது என் வேலை. நான் முறைத்தால் பிள்ளைகள் அடங்கிவிடும். தாய்மாரும் அப்படித்தான். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எனக்கு வாய்க்காரி என்று பெயர். அந்தப் பெயரை யாரும் எனக்குச் சும்மா கொடுக்கவில்லை, உழைத்துச் சம்பாதித்தேன்.

தங்கச்சி என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். அம்மா அப்பா இருவரும் போனபிறகு அவளை வளர்த்தது நான். பதினாலு வயதில் அவளுக்கு வலிப்பு வந்தது. முதலில் ஒரு இடத்தையே வெறித்துப் பார்ப்பாள், வாய் எதையோ மெல்லும், இடது கை சட்டையை நோண்டும், அப்புறம் விழுவாள். விழுந்ததும் அக்கம்பக்கத்துப் பெண்கள் சாவிக்கொத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள், கையில் இரும்பு பட்டால் நின்றுவிடுமாம். ஒரு நிமிடத்தில் அதுவாக நிற்கும் வலிப்புக்குச் சாவி போட்டவள் பெருமைப்பட்டுக்கொண்டு போவாள். அவர்களை விரட்டுவதிலேயே என் பாதித் தொண்டை போயிற்று. அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் யாரோ சொல்லக் கேட்டுத் திரும்பிப் போனதும் அதே பெண்களால்தான் என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்.

மூன்று வகை மாத்திரை கொடுத்தார்கள். கிழமைக்கு இரண்டு தடவை விழுந்தவள் மூன்று தடவை விழுந்தாள். பலாங்கொடை டவுனில் ஒரு பாலர் பாடசாலையில் வேலை கிடைத்தது. பிள்ளைகளுக்கு முன்னால் ஒருநாள் விழுந்தாள். மறுநாள் வரவேண்டாம் என்று போனில் சொல்லிவிட்டார்கள். நேரில் வந்து சொல்லும் துணிச்சல் யாருக்கும் இல்லை.

மாத்திரை விஷயத்தில் நான் போலீஸ்காரி. காலையும் ராத்திரியும் மூன்று வகையிலும் ஒவ்வொன்று, நான் பார்க்க வாயைத் திறந்து காட்ட வேண்டும். அத்தனை வருடத்தில் ஒரே ஒரு மாதம்தான் தவறியது, அதுவும் என்னால் இல்லை. கிளினிக்கில் மருந்து கொடுக்கிறவர் ஒரு மாத்திரையைக் குறைத்துக் கொடுத்தார். ஏன் என்று கேட்டேன். "இனிமே இவ்வளவு போதும்" என்றார். நானும் நல்லதுதானே என்று சந்தோஷமாக வந்தேன். மூன்றாம் நாள் அவள் தண்ணீர் பிடிக்கிற பீலிக்குப் பக்கத்தில் விழுந்து முன்பல் உடைந்தது. அடுத்த மாதம் தெரிந்தது, போதும் என்பதெல்லாம் சும்மா, மருந்து கையிருப்பில் இல்லை. இல்லை என்று சொன்னால் சனங்கள் சத்தம் போடுவார்கள், போதும் என்றால் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். அதுவரை எங்களுக்குக் கேட்டுப் பழகியது சிங்களத்தில் "பிட்டின் கன்ன", வெளியில் வாங்கிக்கொள் என்பது. அது நேர்மையான பேச்சு. "போதும்" என்பதுதான் ஆபத்தான வார்த்தை என்று அன்றைக்கு மனதில் எழுதி வைத்துக்கொண்டேன்.

கொழும்பில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். ஸ்கேன் எடுத்து, தலையில் வயர் ஒட்டிக் கிழமைக்கணக்கில் படுக்க வைத்து, கடைசியில் டாக்டர் எங்களை உட்கார வைத்துப் பேசினார். இடது பக்கம் மூளையில் ஒரு தழும்பு இருக்கிறது, குழந்தையில் வந்த காய்ச்சலில் பட்டிருக்கலாம், மாத்திரை இதற்குக் கேட்காது, வெட்டி எடுக்கலாம். பேச்சு வருகிற இடத்துக்குப் பக்கம் என்பதால் பாதியில் அவளை எழுப்பிப் பேச வைத்துக்கொண்டுதான் வெட்டுவார்கள்.

நான் முடியாது என்றேன். என்னை யார் கேட்டார்கள். தங்கச்சி கையெழுத்துப் போட்டாள்.

"தனியா பஸ்ல போய் வேல செஞ்சிட்டு தனியா வரணும்க்கா. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்" என்றாள்.

அவளுக்கு இருபத்தேழு வயது. பஸ்ஸில் ஜன்னல் சீட்டில்கூட நான் உட்கார விட்டதில்லை. அந்த ஆசைக்காக ஒரு கிழமை அவளை முறைத்துக்கொண்டு திரிந்தேன்.

ஆபரேஷனுக்கு ஐந்து நாள் முன்னதாக வார்டில் சேர்த்தார்கள். கூட நிற்க ஒரு ஆளுக்கு அனுமதி. இரண்டாம் நாள் மூளை அலை பார்க்கிற மிஸ் வந்தாள். சின்ன வயது, நெற்றியில் ஒரு முடிகூட விலகாமல் வாரியிருந்தாள். காதில்லாதவளுக்குச் சொல்வது மாதிரி ஒவ்வொரு சொல்லாகச் சிங்களத்தில் எனக்குச் சொன்னாள். பலாங்கொடையில் பிறந்து, கடைக்குப் போனாலும் அரசாங்கக் கந்தோருக்குப் போனாலும் சிங்களத்திலேயே சண்டை போட்டு வளர்ந்தவளுக்கு இவள் சிங்களம் சொல்லித்தர வந்துவிட்டாள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் சொன்னதைக் கேட்காமல் சொன்ன விதத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவள் சொன்னதை இன்றைக்கு என்னால் ஒழுங்காக எழுத முடியும். மண்டையோட்டைத் திறந்ததும், சின்னச் சின்ன உலோகப் பொட்டுகள் பதித்த மெல்லிய பட்டையை மூளையின் மேலேயே படுக்க வைப்பார்கள். அதிலிருந்து வயர் வழியாக மூளையின் அலை அவளுடைய ஸ்கிரீனில் ஓடும். வலிப்பு கிளம்புகிற இடத்தில் அலை முள் முள்ளாக எழும்பும். தழும்போடு சேர்த்து, முள் தெரிகிற இடம் வரைக்கும் டாக்டர் எடுப்பார். முள் இல்லாத இடத்தைத் தொடமாட்டார். மூன்று மாத்திரையில் ஒன்று அந்த முள்ளை அமுக்கிவிடும் என்பதால் அதை மட்டும் நிறுத்தியிருக்கிறார்கள். இதைத்தான் சொன்னாள். படம்கூட வரைந்து காட்டினாள். எனக்கு விளங்கியது, மாத்திரையை நிறுத்திவிட்டார்கள் என்பது மட்டும்.

சாயந்தரம் மருந்துத் தட்டோடு வார்டு நர்ஸ் மிஸ்ஸி வந்தபோது எண்ணிப் பார்த்தேன். இரண்டுதான் இருந்தது.

"மற்றது?"

"அது இப்ப தேவையில்லை" என்றாள் சிங்களத்தில்.

போதும் என்றவரின் முகம்தான் எனக்கு ஞாபகம் வந்தது. இவர்களிடமும் தீர்ந்துவிட்டது, தோட்டத்து ஆட்களிடம் சொல்ல வெட்கம், அதனால் ஒரு கதை கட்டிச் சொல்கிறார்கள் என்று முடிவு செய்துவிட்டேன். அன்றைக்கு ஒரு தடவை, மறுநாள் இரண்டு தடவை அவளுக்கு வெறித்த பார்வை வந்து போனது. மிஸ்ஸிகள் பதறாமல் நேரத்தை எழுதிக்கொண்டு போனார்கள். டாக்டர் எழுதிய பழைய மருந்துத் துண்டு பையில் இருந்தது. வெளியே பாமசியில் அதைக் காட்டி அந்த மாத்திரையை வாங்கி ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டேன். இருந்தும் உடனே கொடுக்கவில்லை. நாலு பேர் பார்க்கிற வார்டு, எனக்கும் கொஞ்சம் பயம்.

ஆபரேஷன் அன்று காலை, பாதித் தலை மொட்டையாக அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மண்டை திறந்திருக்கும்போது வலிப்பு வந்தால் என்ன ஆவாள் என்ற ஒரே நினைப்பில் நான் விடிய விடியத் தூங்கவில்லை. திரையை இழுத்துவிட்டு இரண்டு மாத்திரையை எடுத்தேன். ஒன்றுக்கு இரண்டு.

"வேணாம்னு சொன்னாங்களேக்கா" என்றாள்.

"அவங்களுக்கு என்ன. விழுறது நீ. வாயத் தொற."

திறந்தாள். தண்ணீர் குடிக்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால் வெறுமனே விழுங்கினாள். பத்துப் பதினைந்து வருடப் பழக்கம், அவளுக்குத் தண்ணீர் வேண்டியதில்லை. விழுங்கிவிட்டு வாயைத் திறந்தும் காட்டினாள். எனக்கு அப்போதுதான் நெஞ்சு அடங்கியது. கொழும்புக்காரர்கள் மறந்ததை நான் மறக்கவில்லை என்று பெருமையாகவும் இருந்தது. பொய் சொல்லக் கூடாது, பெருமையாகத்தான் இருந்தது.

ஆபரேஷன் அறைக்கு வெளியே ஒரு நீள பெஞ்சு. மற்றவர்கள் வேண்டுதல் செய்துகொண்டிருந்தார்கள். நான் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். அந்த அலை பார்க்கிற மிஸ் முகமூடியைத் தாடைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே வந்து என்னைத் தேடினாள்.

"அக்கே, இன்னைக்குக் காலையில தங்கச்சி ஏதாவது மாத்திரை எடுத்தாங்களா?"

"நே மிஸ்" என்றேன். இல்லை மிஸ்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அலை எதிர்பார்த்த மாதிரி இல்லை, ரொம்ப அமைதியா இருக்கு. நீங்க கொடுத்திருந்தாலும் பரவாயில்லை, சொன்னாப் போதும்."

போதும் என்ற வார்த்தையை அவள் சொல்லியிருக்கக் கூடாது.

"நே மிஸ். ஒண்ணும் கொடுக்கல."

அந்த இல்லையைப் பற்றி எழுதியாக வேண்டும். தோட்டத்தில் மேலே இருக்கிறவர் யாராவது அந்தத் தொனியில் கேட்டால் முதலில் வருகிற பதில் நான் இல்லைங்க என்பது. கூடையில் முத்தல் இலை யார் போட்டது, நான் இல்லைங்க. குழாயைத் திறந்து விட்டது யார், நான் இல்லைங்க. செய்தோமா செய்யவில்லையா என்று யோசிப்பதற்கு முன்னாலேயே நாக்கு சொல்லிவிடும். ஆமாம் என்றவளுக்கு அன்றைக்குப் பெயர் விழாது, கூலி போகும், அல்லது நாலு பேருக்கு முன்னால் ஏச்சு விழும். இல்லை என்றவள் செய்ததை யாரும் நிரூபிக்கப் போவதில்லை. நானே பிள்ளைக் காம்பராவில் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். வெளியிலிருந்து பார்க்க வருகிறவர்கள், பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாத பால்மாவை யார் கொடுத்தது என்று கேட்டால் தெரியாது என்றுதான் சொல்வேன், டின் என் அலுமாரியில் இருக்கும். பரவாயில்லை சொல்லுங்கள் என்று கெஞ்சிக் கேட்பவர்கள்தான் அதிகம் ஏசுவார்கள் என்பதும் எங்களுக்குத் தெரியும்.

பயந்தேன் என்றே எழுதுகிறேன். தோட்டத்து ஆட்களுக்குச் சொன்னால் விளங்காது என்று தையலைப் போட்டு அவளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தேன். அந்த வாரிய தலைக்காரி எல்லார் முன்னாலும் என்னை ஏசுவாள் என்றும் பயந்தேன். எது பெரிய பயம் என்று கேட்டால் இரண்டாவதுதான்.

மிஸ் முகமூடியை மறுபடி மேலே இழுத்துக்கொண்டாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

பின்னேரம் டாக்டர் வந்தார். தழும்பை எடுத்துவிட்டோம், பேச்சு நன்றாக இருக்கிறது, சுற்றியிருந்த பகுதியையும் எடுக்க யோசித்திருந்தோம், ஆனால் அங்கே அலை அமைதியாக இருந்ததால் தொடவில்லை என்றார். எனக்கு அது நல்ல செய்தியாகத்தான் கேட்டது. குறைவாக வெட்டினால் நல்லதுதானே.

நாலு மாதம் அவள் விழவில்லை. நாலு மாதம் முழுசாக. தலையில் முடி ஒரு விரல் நீளத்துக்கு வளர்ந்தது. பலாங்கொடைக்குத் தனியாகப் போய்ச் சீப்பு வாங்கி வந்தாள். சீப்பு வீட்டில் மூன்று இருக்கிறது. இரண்டாம் தடவை போனபோது பழைய பாடசாலைக்கே போய்க் கேட்டுவிட்டு வந்தாள், தைப் பொங்கல் கழிந்து வரச் சொல்லியிருந்தார்கள். அந்த நாட்களில் அவள் நடையே வேறு. என்னிடம் கேட்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவாள். எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, ஒளிந்து நின்று பார்க்க வேண்டும் போலவும் இருந்தது.

ஐந்தாம் மாதம் பஸ்ஸில் விழுந்தாள். ஓப்பநாயக்க டவுனில் இறக்கி விட்டுவிட்டு யாரோ அவளுடைய போனிலிருந்து எனக்குப் பேசினார்கள்.

அதற்குப் பிறகு நான் பேசிய பேச்சுக்கு அளவே இல்லை. பீலியில், கடையில், கோயிலில், கொழுந்து நிறுக்கிற இடத்தில், யார் அகப்பட்டாலும் கொழும்பு டாக்டர்களைத்தான் கிழித்தேன். ஒருநாள் பின்னேரம் வாசலில் நின்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"தோட்டத்து ஆளுங்கதானேன்னு அரைகுறையா வெட்டி அனுப்பிட்டானுங்க. இதே பெரிய எடத்துப் புள்ளயா இருந்தா இப்படிச் செய்வானுங்களா?"

தங்கச்சி வெளியே வந்து என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.

"போதும்க்கா. அவங்கள ஏசாதீங்க."

"ஏசாம? உன்னய இந்த நெலமையில விட்டவனுங்கள கும்பிடச் சொல்றியா?"

"காலையில மாத்தர குடிச்சியான்னு என்கிட்டயும் கேட்டாங்க."

எனக்கு விளங்கவில்லை. எப்போது என்று கேட்டேன்.

"எழுப்பி விட்டாங்கல்ல, அப்ப. படத்தக் காட்டிப் பேரு சொல்லச் சொல்லிக்கிட்டிருந்தாங்க. நடுவுல அந்த மிஸ் வந்து குனிஞ்சு கேட்டாங்க. நான் இல்லன்னு சொன்னேன்."

"ஏன்டி?"

"உங்க அக்காகிட்ட கேட்டேன், இல்லன்னு சொல்றாங்க, நீங்க சொல்லுங்கன்னு கேட்டாங்க. நான் ஆமான்னு சொன்னா நீங்க பொய் சொன்னதா ஆயிரும். வெளிய நீங்க தனியா நின்னுக்கிட்டு இருந்தீங்க."

அவளை அடிக்கக் கை ஓங்கினேன். ஓங்கிய இடத்துக்கு நேரே அந்தத் தழும்பு இருந்தது, கையை இறக்கிவிட்டேன். தலையைத் திறந்து போட்டுக்கொண்டு படுத்திருக்கிறாள், அவள் வாழ்க்கையை அளந்து வெட்டிக்கொண்டிருக்கிறார்கள், அந்த நேரத்திலும் வெளியில் நிற்கிற அக்காவுக்கு ஏச்சு விழுமே என்று பார்த்தாளாம். யார் கேட்டார்கள் அந்தக் கருணையை. இதை எழுதும்போதுகூட எனக்குக் கோபம்தான் வருகிறது.

அவளை இப்படி வளர்த்தது யார் என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்கும் தெரியும். அதைக் கேட்காமல் இருந்தால் நல்லது.

மூன்று கிழமை கழித்துக் கிளினிக் நாள் வந்தது. டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும், அவர் கேட்பதற்கு முன்னால் நானே சிங்களத்தில் சொன்னேன். ஆபரேஷன் அன்று காலை இரண்டு மாத்திரை கொடுத்தேன், நிறுத்தச் சொன்ன அதே மாத்திரை, கேட்டபோது இல்லை என்று பொய் சொன்னேன், இவளும் எனக்காகப் பொய் சொன்னாள். ஏச்சுக்குத் தயாராகத்தான் போயிருந்தேன். திருப்பி ஏசவும் நாலு வார்த்தை வைத்திருந்தேன், அந்தப் போதும் கதையையும், உடைந்த பல்லையும்.

அவர் ஏசவில்லை. பேனாவை மூடி வைத்தார். அன்றைக்கு அந்த அமைதியைப் பார்த்துச் சந்தேகப்பட்டோம், இரண்டு பேரும் இல்லை என்றதால் நம்பினோம் என்றார்.

"மாத்திரை என்று தெரிந்திருந்தால் அந்த அலையை நம்பியிருக்க மாட்டோம். ஸ்கேனைப் பார்த்து, முதலில் போட்ட திட்டப்படி முழுசாக எடுத்திருப்போம்."

அவ்வளவுதான் சொன்னார். அந்த மிஸ்ஸும் பக்கத்து மேசையில் இருந்தாள்.

"நான் ரெண்டு தரம் கேட்டேனே அக்கே" என்றாள். அன்றைக்கு மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொல்லவில்லை, சாதாரணமாகச் சொன்னாள். அவளை வெறுக்க எனக்கு ஒரு காரணமும் மிச்சமில்லாமல் போனது எனக்குப் பெரிய நஷ்டமாக இருந்தது.

மறுபடி செய்யலாமா என்று தங்கச்சி கேட்டாள். செய்யலாம், ஆனால் எல்லாச் சோதனையும் முதலிலிருந்து, வரிசையும் முதலிலிருந்து, ஒரு தடவை வெட்டிய இடத்தில் மறுபடி போவது பேச்சுக்கு இன்னும் ஆபத்து, எதற்கும் உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். யோசித்துவிட்டு வாருங்கள் என்றார்.

"யோசிக்க ஒண்ணும் இல்ல. பேர எழுதுங்க" என்றாள் அவள், என்னைப் பார்க்காமல்.

அவர் எழுதினார். எழுதி முடித்ததும் அவள் இன்னொன்றையும் எழுதச் சொன்னாள்.

"கூட நிற்க அக்கா வர வேண்டாம். வேறு யாரையாவது கூட்டிட்டு வாறேன்."

அதை அவள் சிங்களத்தில் சொன்னாள், டாக்டருக்கு. டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சரி என்றேன். அவள் சொன்னது நியாயம் என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே எனக்குத் தெரிந்தது. கோபமும் வந்தது, அது இன்னும் போகவில்லை.